விற்ற நாளும் வாங்கிய நாளும்

கோயம்புத்தூர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். வியாழனன்று உங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதினால் உங்கள் எழுத்து வலப்பக்கம் சாயும். இரண்டு பக்கமும் சாய்ந்தே இருந்தன. நம் இருவரிடமும் பங்குகள் உள்ள நிறுவனம், வெளிநாட்டில் வாங்கிய துணை நிறுவனத்தை வாங்கிய விலையில் கால்வாசிக்கும் குறைவாகத் தள்ளிவிடப் போகிறது என்பதைப் படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆயினும், "இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டாடா ஸ்டீல், பிரிட்டிஷ்-டச்சு உருக்கு நிறுவனமான கோரஸை வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் என்று தொடங்கிய பேரம், பிரேசிலின் சி.எஸ்.என். என்ற உருக்கு நிறுவனம் போட்டிக்கு வந்ததால் ஏலமாக மாறி, 2007 ஜனவரி இறுதியில் 608 பென்ஸில் முடிந்தது. எதிராளி 603-இல் நின்றுவிட்டார். மொத்தம் ஏறத்தாழ 620 கோடி பவுண்டு. இந்திய நிறுவனம் ஒன்று ஐரோப்பாவின் பெரிய உருக்காலையை வாங்கிவிட்டதே என்று மதிய இடைவேளையில் மார்தட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடைசி 153 பென்ஸுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. மறு ஆண்டே உலகச் சந்தை சரிந்து உருக்கின் தேவை படுத்துவிட்டது. 2011-இல் கோரஸின் டீசைடு ஆலை தாய்லாந்து நிறுவனம் ஒன்றுக்குப் போயிற்று. 2013-இல் 160 கோடி டாலர் அளவுக்குச் சொத்து மதிப்பைக் கணக்கிலிருந்து குறைத்தார்கள். 2016-இல் ஸ்கன்தார்ப் ஆலையை உள்ளடக்கிய பிரிவை கிரேபுல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் அது நூறு ரூபாய்கூட இல்லை.

பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அங்கேயே விடை இருக்கிறது. அந்தப் பிரிவு 2019-இல் திவாலாகி, 2020-இல் சீனாவின் ஜிங்யே நிறுவனத்தின் கைக்குப் போய், 2025 ஏப்ரலில் உலைகள் அணைந்துவிடக் கூடாதென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமை கூடி அவசரச் சட்டம் இயற்றும் நிலைக்கு வந்தது. டாடா தன்னிடமே வைத்துக்கொண்ட வேல்ஸின் போர்ட் டால்பாட் ஆலையிலும் இரும்பு உருக்கும் கடைசி ஊது உலை 2024 செப்டம்பரில் அணைக்கப்பட்டது. ஆகவே அந்த ஒரு பவுண்டை விலையாகப் பார்க்க வேண்டியதில்லை. மேலும் மேலும் பணம் கொட்டுவதை நிறுத்துவதற்கான கட்டணம் என்றே நான் எண்ணுகிறேன். நட்டம் ஏல இரவிலேயே நேர்ந்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்து அதற்கு ரசீது போட்டார்கள்.

நம் நிறுவனத்தின் கதையும் இதுவே, அளவுதான் சிறியது. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதை விற்ற நாளின்மீது காட்டுகிறீர்கள், வாங்கிய நாளை விட்டுவிடுகிறீர்கள். இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை போலும்: மூன்று ஆண்டுகளாக அந்த முதலீட்டின் மதிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் "விதிவிலக்கான இனம்", அதாவது வழக்கமாக வராத கணக்கு, என்ற தலைப்பின் கீழே வைத்து, அது நீங்கலாக லாபம் எவ்வளவு உயர்ந்தது பாருங்கள் என்று நமக்குக் காட்டினார்கள். வருடந்தோறும் வருவதில் விதிவிலக்கு என்ன இருக்கிறது? என்னை உண்மையில் உறுத்துவது விற்பனையை விட இதுதான்.

ஒரு நிறுவனம் தன் முக்கியமான துணை நிறுவனத்தில் தன் பங்கு பாதிக்குக் கீழே போகும்படி விற்க, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதிப்படி பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவாகும் வாக்குகளில் ஆதரவு எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நம் இருவரின் பங்குகளையும் சேர்த்தால் அந்தக் கடலில் ஒரு துளிகூட ஆகாது என்பது தெரியும். ஆனாலும் நான் விற்பனைக்கு ஆதரவாகவே வாக்களிக்கப் போகிறேன். கூட்டத்தில் பேச என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். வாங்கும்போது விலையை மதிப்பிட்டவர் யார், அன்று ஒப்புதல் அளித்த இயக்குநர்களில் எத்தனை பேர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள், வரும் பணம் கடனை அடைக்கவா அல்லது அடுத்த ஏலத்துக்கா என்று மூன்றே கேள்விகள் கேட்பேன்.

நான்காவதாக நீங்கள் ஒன்று சேர்க்க விரும்பினால், வாக்கெடுப்பு 18ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மேசைத் தோழன்