மூன்றாவது பலகை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நம் இசையரங்கை இடித்துவிட்டார்கள். மேடையைப் பிரித்த அன்று நான் போயிருந்தேன். இடப்புறமிருந்து மூன்றாவது பலகை, காலை வைத்தால் கிறீச்சிட்டு மானத்தை வாங்கிவிடும் என்று நாமெல்லாம் தாண்டியே நடப்போமே, அதுதான் கடப்பாரைக்கு இலேசில் அசைந்துகொடுக்கவில்லை.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தபோது, கலை செழிக்கும் பகுதி என்று சொல்லித்தான் வீடுகளை விற்றார்கள். குடிவந்தவர்களோ, இரவில் தாளச் சத்தம் தூங்கவிடவில்லை என்று புகார் கொடுத்தார்கள். நேரக் கட்டுப்பாடு வந்தது, நுழைவுச்சீட்டு வருமானம் சரிந்தது, ஒலித்தடுப்புச் செலவும் நம் தலையில் விழுந்தது. வாடகையை நம்பியிருப்பதைவிட விற்பதே மேல் என்று நில உரிமையாளர் முடிவெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தது: நெடுநாளாக நடக்கும் இசைக்கூடத்தின் அருகே பிறகு வந்து வீடு கட்டுபவரே சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலும் 2018-இல் இதே கருத்து இடம்பெற்றது. அப்படி ஒரு விதி மட்டும் நமக்கு இருந்திருந்தால்!

‘கட்டடம்தானே போனது, புதிய வளாகத்தில் பல்நோக்குக் கூடம் வருகிறதே’ என்று எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அறையில் நாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதன் கன அளவையும், ஒலியை உறிஞ்சும் பரப்புகளையும் பொறுத்தது என்று அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்; அமர்ந்திருக்கும் மனிதர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒத்திகையில் காதைக் குத்திய நம் கூடம், ஐம்பது பேர் வந்து உட்கார்ந்ததும் கனிந்துவிடும் என்பதை எத்தனை கச்சேரிகளில் கற்றுக்கொண்டோம்! எல்லாவற்றுக்கும் மேலாக, நான் முதன்முதலில் வயலினோடு ஏறிச் சுருதி தப்பிய இரவில், எழுந்து போகாமல் கேட்ட பன்னிரண்டு பேரில் நீங்களும் ஒருவர். பல்நோக்குக் கூடத்தின் வாடகையைக் கொடுத்து அப்படித் தப்பு செய்ய யாரால் முடியும்?

இங்கிலாந்தின் லிவர்பூலில் பீட்டில்ஸ் குழு பாடிய கேவர்ன் கிளப் என்ற இசைக்கூடத்தைச் சுரங்க ரயிலின் காற்றுப்போக்கிக்காக 1973-இல் மூடினார்கள். அந்தக் காற்றுப்போக்கி கட்டப்படவே இல்லை. பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டு 1984-இல் அதை மீண்டும் எழுப்பினார்களாம். நம் செங்கற்கள் அன்று மாலையே லாரியில் போய்விட்டன.

பலகையை மட்டும் கேட்டு வாங்கிவந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதன் அடியில் சத்தத்தை அடக்க யாரோ மடித்துச் செருகிய அட்டை ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன், பாதி அழிந்த ஒரு பாட்டுப் பட்டியல். எழுத்து உங்களுடையது போலவே இருக்கிறது. நீங்கள்தானா?

அன்புடன்,
உங்கள் நண்பன்