வசந்திக்கு, மல்லாவியிலிருந்து

அன்பின் வசந்தி,

நாங்கள் நலம், அறுவடையும் முடிந்தது. குடைக்கார வாத்தியாரைச் சந்தையில் கண்டேன், உன்னைத்தான் முதலில் விசாரித்தார். உன் மூத்தவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்; அந்தக் கோபம் இருக்கட்டும்.

என் தங்கையின் மகளுக்கு 33ஆம் வாரத்தில் விடாத தலையிடி. கிளினிக்கில் பிரசர் 160/110, சிறுநீரில் புரதம். அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். இருவரும் தப்பிவிட்டார்கள். ஆனால் கருவாடு தின்றதால் வந்த வினை என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரிவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பிள்ளையில் பாதி தகப்பனுடையது. அதைத் தாயின் உடல் அந்நியமென்று ஏன் தள்ளுவதில்லை என்று பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி 1953இல் கேட்டார். எதிர்ப்புச் சக்தி உறங்கிவிடுவதால் அல்ல, வசந்தி. தொடக்க மாதங்களில் கருப்பையின் உட்படையில் திரளும், எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த இயற்கைக் கொல்லிக் கலங்கள், பிள்ளையைத் தாக்காமல், சூல்வித்தகத்தின் (நச்சுக்கொடியின்) கலங்களோடு சேர்ந்து ஒடுங்கிய சுருள் நாடிகளை அகலமாக்குகின்றன. அகல வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் கரையை அரிக்காமல் நிறைவாகப் பாய்வதுபோல, குருதி மெதுவாகவும் தாராளமாகவும் பிள்ளைக்குச் சேர்கிறது. இந்த இணக்கம் பிசகினால் நாடிகள் ஒடுங்கியே கிடக்கும். குருதி போதாத சூல்வித்தகம் வெளிவிடும் பொருட்கள் தாயின் குருதிக் குழாய்களைப் பாதிக்க, 20ஆம் வாரத்துக்குப் பின்னர் பிரசர் ஏறும். முன்கூட்டியே வரும் கடுமையான பிரசர் பெரும்பாலும் இந்த வகைதான். தொடக்கத்திலேயே உள்ளே நேர்ந்த குறைக்கு எட்டாம் மாதத்துக் கருவாடு என்ன செய்யும்? தங்கையின் மகளோ தன்னைத்தானே நொந்து அழுகிறாள்.

இனி உன் மகளின் விடயம். அவளுக்கு இது தலைப்பிள்ளை. அவளைச் சுமந்தபோது உனக்குப் பிரசர் ஏறி, புதுக்குடியிருப்பிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்புக் கூட. இவ்விரண்டையும் மருத்துவரிடம் சொன்னால், சிறிய அளவு அஸ்பிரின் தேவையா என்று அவர் தீர்மானிப்பார். 16ஆம் வாரத்துக்கு முன்னர் தொடங்கினால்தான் அதனால் நல்ல பலன். தானாக வாங்கிக் குடிக்க விடாதே. மூன்று மாதம் கழியட்டும், கண்ணூறு படும் என்று ஒளித்து வைக்கிறாயோ என்றுதான் எனக்குப் பயம். ஊருக்குச் சொல்லாமல் இரு, ஆனால் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்தக் கிழமையே பதிவு செய். பின்னர் தலையிடியோ, கண் மங்கலோ, முகவீக்கமோ, மேல்வயிற்று நோவோ வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போ.

பதிந்தவுடன் எனக்குத் தொலைபேசி எடு.

அன்புடன்,
மலர்