கூன் ஷோவுக்கு முன்பே ஒரு கதவு திறந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவை பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் எல்லாமே 1951-இல் 'கூன் ஷோ' என்ற பிபிசி வானொலி நகைச்சுவைத் தொடரோடு தொடங்கியது போன்ற தோற்றம் அதில் இருக்கிறது. அதற்குச் சுமார் 12 ஆண்டுகள் முன்பே வந்த 'இட்மா' தொடருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. இது நியாயமா?

'இட்ஸ் தட் மேன் அகெய்ன்' என்பதன் சுருக்கம்தான் இட்மா. 'மறுபடியும் அந்த ஆள்தான்' என்று அன்றைய பத்திரிகைகள் ஹிட்லரைக் குறிப்பிட்டு வந்தன. அதையே தலைப்பாக்கி, 1939 ஜூலையில் டாமி ஹேண்ட்லியை நாயகனாக வைத்து பிபிசி தொடங்கியது. எழுதியவர் டெட் காவனா.

மேடையில் தொப்பியைத் தட்டி, தடுக்கி விழுந்து சிரிக்க வைத்தவர்களை மைக் முன்னால் நிறுத்தினால் பாதி வித்தை காணாமல் போய்விடும். 1920-களில் பலர் பட்ட பாடு இது. இட்மா காதுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு கதவு திறக்கும் சத்தம். யாரோ வருவார், தன் முத்திரை வசனத்தைச் சொல்வார், போய்விடுவார். முகம் தெரியாத இடத்தில் அந்த வசனம்தான் முகம். ஃபூன்ஃப் என்ற ஜெர்மன் உளவாளியின் குரலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஜாக் டிரெய்ன் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் பேசினார், அவ்வளவுதான்! அதே டிரெய்ன்தான் கர்னல் சின்ஸ்ட்ராப்பும். யார் எதைச் சொன்னாலும் தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றித் தருவதாகவே காதில் வாங்கிக்கொண்டு, "தந்தால் வேண்டாமென்று சொல்வேனா" என்கிற பாணியில் பதில் சொல்லும் கர்னல்.

போர் தொடங்கியதும் குழு பிரிஸ்டலுக்குப் போனது. அங்கும் குண்டு விழ, 1941-இல் வேல்ஸில் உள்ள பாங்கருக்கு. அரசாங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஹேண்ட்லி 'எரிச்சல் மற்றும் மர்மங்கள் துறை' அமைச்சராக வந்தார். ரேஷன் வரிசையில் நின்று அலுத்த மக்களுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, இட்மாவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1938-இல் வந்த 'பேண்ட் வேகன்'தான் வாராவாரம் ஒரே நாளில் வரும் நகைச்சுவைக்கு நேயர்களைப் பழக்கியது. பிபிசி கட்டட மொட்டைமாடியில் ஆர்தர் ஆஸ்கியும் ரிச்சர்ட் மர்டாக்கும் ஓர் ஆட்டோடு குடியிருப்பதாகக் கதை.

கூன் ஷோவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன் மூளையான ஸ்பைக் மில்லிகன் 1918-இல் நம் அகமத்நகரில் பிறந்தவர் என்பதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

1949 ஜனவரியில் ஹேண்ட்லி இறந்தார். வேறொருவரை வைத்துத் தொடர பிபிசி முனையவில்லை. இட்மாவும் அதோடு நின்றது. நினைவு வழிபாடு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நடந்தது. ஒரு வானொலிக் கோமாளிக்கு! அடுத்த பகுதி வருமானால், காவனாவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
கும்பகோணம் வாசகர் ஒருவர்