பிராக் கடிகாரத்தை எப்படிப் படிப்பது: மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? பிராக் நகரில் பழைய நகரச் சதுக்கத்தின் பக்கத்திலேயே தங்கப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே நகர மன்றச் சுவரில் 1410இல் அமைத்த வானியல் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. எல்லோரும் மணி அடிக்கும் நேரத்துக்கு ஓடி வந்து, பொம்மைகளைப் படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். நீ அரை மணி முன்பே போய் நில். பொம்மை ஊர்வலம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; அந்தத் தட்டைப் படிக்கத் தெரிந்தால் அரை மணியும் போதாது.

முதலில் திசை. கடிகாரம் தெற்குப் பார்த்த சுவரில் இருக்கிறது. அதை நோக்கி நின்றால் உன் முகம் வடக்கே. கிழக்கு உன் வலக்கைப் பக்கம். ஆனால் தட்டில் 'உதயம்' என்று பொருள்படும் லத்தீன் சொல் இடப்பக்கம் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். தட்டு காட்டுவது தெற்கு நோக்கி நின்றால் தெரியும் வானத்தை. கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி ஒரு முறை நின்று பார், கிழக்கு இடப்பக்கம் வந்துவிடும்.

தட்டின் நடுவில் சின்ன நீல வட்டம் பூமி. தட்டின் மேல்பாதியில் உள்ள நீலம் பகல். இரு ஓரமும் செம்பழுப்பு, விடியலும் அந்தியும். அடியில் கருவட்டம் முழு இரவு. தங்கக் கை ஒன்று நாளுக்கு ஒரே சுற்று சுற்றும்; அதன் மேல் சூரியச் சின்னம் கோடையில் விளிம்பை நோக்கியும் குளிர்காலத்தில் நடுவை நோக்கியும் நகரும். சூரியன் எந்த நிறத்தின் மேல் நிற்கிறதோ அதுதான் அப்போதைய வானம். ஜூன் மாத நள்ளிரவில் அது கருவட்டத்துக்குள் நுழையாமல் கீழே விலகிப் போய்விடும். காரணம் உண்மையானது: 50 பாகை வடக்கில் அந்த நாட்களில் சூரியன் தொடுவானத்துக்கு 18 பாகை கீழே இறங்குவதே இல்லை, முழு இருட்டு வராது. நம் ஊரில் எந்த மாதத்திலும் இப்படி நடக்காது.

அந்த ஒரே கை மூன்று விதமான மணியைக் காட்டுகிறது. ரோமன் எண்கள் நாம் பழகிய 24 மணி. உச்சியில் இருப்பது நண்பகல் 12, அடியில் நள்ளிரவு. கோடையில் உன் கைக்கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும் என்பதை மட்டும் நினைவில் வை. வெளிவளையத்தில் 1 முதல் 24 வரை பழைய பாணி எண்கள் இருக்கும். அது பழைய செக் கணக்கு; நாள் அங்கே சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. நம் பஞ்சாங்கம் உதயத்தில் தொடங்குவதற்கு நேர் எதிர். அஸ்தமனம் நாளுக்கு நாள் மாறுவதால் இந்த வளையமே ஆண்டு முழுவதும் மெல்ல முன்னும் பின்னும் நகரும். கை 20ஐக் காட்டினால் சூரியன் மறைய இன்னும் 4 மணி. ஊருக்கு வெளியே வேலை செய்தவனுக்கு வேறெந்தக் கடிகாரமும் இவ்வளவு உதவியிருக்காது.

மூன்றாவது, நீலப் பகுதியில் வளைந்து போகும் தங்கக் கோடுகள். உதயம் முதல் அஸ்தமனம் வரை 12 சம பங்கு. ஜூனில் ஒரு பங்கு ஏறக்குறைய 80 நிமிடம், டிசம்பரில் 40தான்.

ராசி வளையத்தைப் பார்த்ததும் உனக்குப் பழகியதுபோல் தோன்றும். அவசரப்படாதே. அங்கே சூரியன் மேஷத்தில் நுழைவது மார்ச் 20, 21 வாக்கில். நமக்கோ சித்திரை முதல் நாள்தான். அவர்களுடையது சாயனம், அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளிலிருந்து எண்ணுவது; நம்முடையது நிரயனம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம்; அதற்குப் பெயர் அயனாம்சம். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் பிராக் கடிகாரம் மேஷம் என்னும், உன் பாட்டியின் பஞ்சாங்கம் மீனம் என்னும். இரண்டும் சரி.

உள்ளே ஒரே அளவில் மூன்று பெரிய சக்கரங்கள். 365 பல் உள்ளது ராசி வளையத்தையும், 366 பல் உள்ளது சூரியனையும், 379 பல் உள்ளது சந்திரனையும் ஓட்டுகிறது. பல் கூடினால் சுற்று தாமதமாகும். ராசி வளையம் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் சூரியனை முந்துவது அந்த ஒற்றைப் பல்லால்தான். பாதி வெள்ளி, பாதி கறுப்பான சந்திர உருண்டை தனக்குள்ளிருக்கும் எடையால் தானே திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டும். எனக்கு இந்தக் கடிகாரத்தில் இதைவிட அழகான வேலைப்பாடு இல்லை.

காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் சன்னலில் வந்து போகும், கடைசியில் சேவல் கூவும். எல்லோரும் அண்ணாந்து நிற்கும் நேரம் அது. பிக்பாக்கெட்காரர்களுக்கும் அதுதான் நேரம். பையை முன்பக்கம் போட்டுக்கொள். பொம்மைகளை அருகில் பார்க்க ஆசையென்றால் நகர மன்றத்துக்குள் டிக்கெட் எடுத்துப் போ, சிற்றாலயத்திலிருந்து தெரியும்.

வழிகாட்டிகள், இதைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று உருக்கமாகச் சொல்வார்கள். நம்பாதே. 1410ஆம் ஆண்டு ஆவணம் கதான் ஊர் மிகுலாஷ் என்ற கடிகாரக்காரரின் பெயரைத்தான் சொல்கிறது. உண்மையான சேதம் 1945 மே மாதம் ஜெர்மானியர் சுட்டபோது நேர்ந்தது. மறுபடி ஓடத் தொடங்கியது 1948இல்.

அப்படியே சதுக்கத்துத் தரையையும் பார். கோபுரத்தடியில் 27 வெள்ளைச் சிலுவைகள்: 1621 ஜூன் 21 அன்று அங்கே அரசரை எதிர்த்துக் கிளர்ந்த தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கொஞ்சம் தள்ளி, மரியன்னைத் தூணின் அருகே, தரையில் பித்தளைப் பட்டை ஒன்று ஓடும். தூணின் நிழல் அதன்மேல் விழும்போது பிராகின் நண்பகல்; கோடையில் உன் கைக்கடிகாரத்தில் 1 மணியை ஒட்டி. 1918இல் இடித்த தூணை 2020இல்தான் மறுபடி நிறுத்தினார்கள்.

நேரமிருந்தால் அங்கிருந்து யூதர் பகுதிக்கு நட. பழைய யூத நகர மன்றத்தில் கீழே இருக்கும் கடிகாரத்தில் ஹீப்ரு எழுத்துகள்தான் எண்கள். அந்த எழுத்து வலமிருந்து இடம் போவதால் முள்களும் அப்படியே சுற்றும். கோபுரத்தில் இருப்பது சாதாரண ரோமன் கடிகாரம். இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா