வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்னார்களே: பேக்கார்ட் கார்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐம்பதுகளிலேயே நின்றுபோன அமெரிக்கச் சொகுசுக் காரான பேக்கார்டை இன்னும் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களுடைய மன்றங்களை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எனக்கு ஆதங்கம் என்று வந்தால் அது தமிழில்தான் வரும். தெரிந்தவர் யாராவது படித்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

போன கோடையில் பழைய கார் கண்காட்சி ஒன்றுக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பத்து வயது. புல்தரையில் 1934-ஆம் வருஷத்துப் பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்ட் ஒன்று நின்றது. கருநீலம். சக்கரத்தின் நடுவே அந்தச் சிவப்பு அறுகோணம். நான்கு பக்கமும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். மகள் உரிமையாளரிடம் போய், இது ஓடும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஓட்டுவதில்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவருவோம் என்றார். அப்புறம் அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, அண்மையில் இதே மாதிரி கார் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று விளக்க ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது: "ஓட்டாத காரை எதுக்குப்பா வெச்சிருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். உங்களைக் கேட்கச் சொன்னதே பேக்கார்ட் கம்பெனிதான். "வைத்திருப்பவரைக் கேளுங்கள்" என்ற வாசகத்தை 1901-லிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் விளம்பரத்தில் போட்டார்கள். யாரோ ஒருவர் காரைப் பற்றி விவரம் கேட்டுக் கடிதம் எழுத, அனுப்புவதற்கு அச்சடித்த விவரத்தாள் கைவசம் இல்லாததால், கார் வைத்திருப்பவரையே கேட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிவிடு என்று கம்பெனியைத் தொடங்கிய ஜேம்ஸ் வார்டு பேக்கார்ட் உதவியாளரிடம் சொன்னாராம். அதுவே வாசகமாகிவிட்டது என்பார்கள்.

பேக்கார்ட் கார் பிறந்ததே ஓர் உரிமையாளரின் புகாரில்தான். ஒஹையோ மாநிலம் வாரன் ஊரில் அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து மின்விளக்கும் மின்சாதனங்களும் செய்துகொண்டிருந்தவர் ஜேம்ஸ். 1898-இல் கிளீவ்லண்டு போய் வின்டன் கார் ஒன்று வாங்கினார். ஊர் வந்து சேர்வதற்குள் அது வழியில் படுத்துவிட்டது. குறை சொல்லப் போனவரிடம் அலெக்சாண்டர் வின்டன், அவ்வளவு தெரிந்தவராக இருந்தால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்களேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டாராம். ஜேம்ஸ் ரோஷக்காரர். வின்டன் கம்பெனியிலிருந்தே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். 1899 நவம்பர் 6 அன்று வாரன் தெருவில் முதல் பேக்கார்ட் ஓடியது. வின்டனோ 1924-இல் கார் செய்வதையே விட்டுவிட்டார். வாடிக்கையாளர் குறை சொல்ல வரும்போதெல்லாம் எங்கள் பிளாண்டில் இந்தக் கதையைச் சொல்வேன். டெட்ராய்ட் பக்கத்தில் கார் கதவுக்கு ரப்பர் பீடிங் செய்யும் சப்ளையர் ஒருவரிடம் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். புகார்தான் எனக்குச் சோறு போடுகிறது.

அடுத்து நடந்ததெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஹென்றி ஜாய் பணம் போட்டார், 1903-இல் தொழிற்சாலை டெட்ராய்ட்டுக்கு வந்தது, ஆல்பர்ட் கான் கட்டடம் கட்டினார், ஜெஸ்ஸி வின்சென்ட் 1915-இல் டுவின் சிக்ஸ் என்ற பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் கொடுத்தார். 1921-இல் பதவியேற்புக்குக் காரில் போன முதல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங் ஏறியது அந்த டுவின் சிக்ஸில்தான். உங்கள் கண்காட்சிகளில் இந்தப் பக்கத்துக்குக் குறைவே இல்லை. நான் கேட்க வந்தது வேறு.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அவரிடம் 1936 பேக்கார்ட் ஒன்-டுவென்ட்டி மாடல், நான்கு கதவு செடான் இருக்கிறது. அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், புதிதாக வாங்கிய வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உட்காருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். கதவுக்காரனாகிய நான் முதலில் கதவைத்தான் கவனித்தேன். மூடும்போது அடிக்கவில்லை, கனமாக ஒரே ஒரு "டப்". உள்ளே பழைய கம்பளித் துணியும் எண்ணெயும் கலந்த வாசனை. ஸ்டியரிங் பெரியது, ஆனால் விரலுக்கு மெல்லியது. எஞ்சினை எப்போது ஸ்டார்ட் செய்வார் என்று காத்திருந்தேன். ஆயில் பிரஷர் முள்ளைக் காட்டினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது! வரிசையாக நிற்கும் எட்டு சிலிண்டரும் அவ்வளவு சாதுவாக ஓடின.

அப்புறம் சாவியை என் கையில் கொடுத்தார். முதல் கியருக்கு சின்க்ரோ (பல்சக்கரங்கள் உரசாமல் சேர வைக்கும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும். மறந்துபோய் ஒருமுறை கரகரவென்று அரைத்துவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அதுக்கும் பழக்கம்தான்" என்கிற மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து நிறுத்தியதும் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அப்பாவின் கையெழுத்து. தேதி, மைல், பெட்ரோல்: பத்து காலன், 1 டாலர் 90 சென்ட். மெழுகு போட்டது, பஞ்சர் ஒட்டியது, யாரையோ ரயிலடியில் இறக்கிவிட்டது. 1942-இல் ஒரு பக்கத்தில், மனைவிக்கு வலி எடுத்தது, ஆஸ்பத்திரிக்கு 22 நிமிஷம் என்று இருக்கிறது. அன்று பிறந்தவர்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1943-க்கு வந்தால் பெட்ரோல் ரேஷன். பல தேதிகளுக்கு எதிரே "ஓட்டவில்லை", "ஓட்டவில்லை" என்று மட்டும்.

ஐயா, உங்கள் மன்றங்களில் இந்தக் காருக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். சீனியர், ஜூனியர் என்று பிரித்து, ஒன்-டுவென்ட்டியை ஜூனியர் பந்தியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். 1935-இல் அது 980 டாலரிலிருந்து விற்பனைக்கு வந்தபோது மற்ற பேக்கார்டுகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. இன்னொரு சொகுசுக் கார் கம்பெனியான பியர்ஸ்-ஆரோ முப்பதுகளைத் தாண்டவில்லை. பேக்கார்ட் பிழைத்ததென்றால் இந்த மருந்துக்கடைக்காரர்கள் வாங்கியதால்தான். ஆனால் மலிவு வண்டி விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் கம்பெனி போயிற்று என்று இன்றைக்கும் உங்கள் கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை.

என் தொழிலிலிருந்து பார்த்தால் சறுக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில் கார் பாடி செய்யும் வேலையை பிரிக்ஸ் என்ற வெளிக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். 1953 கடைசியில் கிரைஸ்லர் அந்த பிரிக்ஸையே வாங்கிவிட்டது. போட்டிக்காரன் கையில் தன் பாடி! வேறு வழியில்லாமல் கானர் அவென்யூவில் ஓர் இடுக்கமான ஆலைக்கு அவசரமாக மாறி, பாடியும் அசெம்பிளியும் அங்கேயே என்று 1955 மாடலைத் தொடங்கினார்கள். புது வி8 எஞ்சின், புது சஸ்பென்ஷன், புது ஆலை, எல்லாம் ஒரே வருஷத்தில். தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் எவனைக் கேட்டாலும் தலையில் கை வைப்பான். வண்டிகள் குறையோடு வெளியே போயின. இதற்கு நடுவே 1954-இல் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு கார் கம்பெனியோடு இணைப்பு. அந்தக் கம்பெனியின் உண்மையான கணக்கு கைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1956 ஜூன் 25-ஆம் தேதியோடு டெட்ராய்ட்டில் பேக்கார்ட் செய்வது நின்றது. அடுத்த இரண்டு வருஷம் ஸ்டூடிபேக்கரின் ஊரான சவுத் பெண்டில் அவர்கள் கார் உடம்பில் பேக்கார்ட் முகத்தை ஒட்டி விற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கே வலிக்கும்.

அதே 1955 வண்டியின் டார்ஷன்-லெவல் சஸ்பென்ஷன் இருக்கிறதே, அதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பொறாமை. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நீளமான முறுக்குக் கம்பியால் இணைத்து, பின்சீட்டில் ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் சில நொடி பொறுத்து மின்மோட்டார் தானாக மட்டத்துக்குக் கொண்டுவரும். வில்லியம் அலிசன் என்ற பொறியாளரின் வேலை. மேடு பள்ளத்தில் அது எப்படிப் போகும் என்று தொழில்நுட்பக் கட்டுரையில் படித்திருக்கிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து போனவர் சொல்லிக் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை விளம்பரம் சொல்லவே இல்லை: செய்தவர்கள். போர்க் காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை உரிமம் வாங்கி 55,000-க்கு மேல் செய்தது பேக்கார்ட். மஸ்டாங் போர்விமானத்தைப் பெர்லின் வரை கொண்டுபோனது அந்த எஞ்சின்தான். உங்கள் கண்காட்சியில் அதற்கென்று தனி மேஜை போட்டிருந்தீர்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் 1943 ஜூனில் அதே ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்பதற்காக ஏறத்தாழ 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தது அந்த மேஜையில் இல்லை. அதையும் வையுங்கள். எஞ்சின் குறையாது.

டெட்ராய்ட்டின் ஈஸ்ட் கிராண்ட் புலவாரில் இருந்த அந்த 35 லட்சம் சதுர அடி ஆலை உங்கள் கண்ணெதிரேதான் சிதைந்தது. தெருவுக்குக் குறுக்கே இருந்த பாலம் 2019 ஜனவரியில் இடிந்து விழுந்தது. 2022-இல் நகராட்சி இடிக்க ஆரம்பித்து, 2024 முடிவதற்குள் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றி வாழ்ந்தவர்கள் அந்த இடிபாட்டைப் பல பத்தாண்டுகள் சகித்தார்கள். ஆனால் இனிமேல் பேக்கார்ட் என்றால் என்ன என்று கேட்க உங்கள் கொட்டகைகளை விட்டால் வேறு இடம் அதிகமில்லை. ஷெல்பி டவுன்ஷிப்பில் பழைய சோதனை ஓட்டப் பாதையில் மிஞ்சியதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கும், வாரனில் மியூசியம் நடத்துபவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதல்ல. கண்காட்சிக்கு வரும் வண்டிகளில் ஒன்றையாவது கயிறில்லாமல் நிறுத்துங்கள், ஜூனியர் வண்டியே போதும். பிள்ளைகள் ஏறி உட்காரட்டும், ஹார்ன் அடிக்கட்டும், சீட்டு அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம். விலைச்சீட்டுக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எங்கே நின்றுபோனது, எந்த மேட்டில் திணறியது, கோடையில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் குழாயில் மரத் துணிக்கிளிப் மாட்டுவது உண்மையிலேயே பலன் தருகிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். குறையை மறைக்காதீர்கள், ஒரு குறையிலிருந்துதான் உங்கள் காரே வந்தது. பெரியவர்கள் எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். எங்கள் தெருப் பெரியவரின் நோட்டை நான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், உங்கள் ஊரிலும் யாராவது செய்வார்கள்.

கடைசியாக, மகள் கேட்கச் சொன்ன கேள்வி. 1940 மாடலில் பேக்கார்ட்தான் உலகத்துக்கே முதலில் கம்பெனியிலேயே ஏசி போட்டுக் கொடுத்தது. குளிர வைக்கும் பெட்டி டிக்கியில். கம்ப்ரசருக்கு கிளட்ச் இல்லாததால், குளிர்காலத்தில் அதை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வண்டி வைத்திருப்பவர் யாராவது உங்களில் இருந்தால் சொல்லுங்கள்: கழற்றிய பெல்ட்டை வசந்தம் வரும்வரை எங்கே வைப்பீர்கள்?

இப்படிக்கு,
கதவு பீடிங் பார்க்கும் தமிழன் ஒருவன்,
மிச்சிகன்