கூரையைப் பிரிக்கும் முன் ஓலையைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு, இரு கட்சியினருக்கும்,

வணக்கம். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2007-இல் என் மனைவிக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குணமானாள். அடுத்த ஆண்டு எனக்கு வேலை போனது, அதோடு கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸும் போனது. கொஞ்ச நாள் கையைக் கடித்துக்கொண்டு பழைய பாலிசிக்கே முழுப் பணமும் கட்டினோம். அப்படித் தொடர அனுமதித்த கெடு முடிந்ததும் தனியாக ஒரு பாலிசிக்கு விண்ணப்பித்தோம். முன்பே நோய் இருந்ததால் ஏற்க முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

ஒபாமாகேர் என்று நாடே அழைக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010 மார்ச் 23 அன்று கையெழுத்தானது. 2014 ஜனவரி 1 முதல், பழைய நோயைக் காரணம் காட்டி எந்தக் கம்பெனியும் என் மனைவியை மறுக்க முடியாது என்ற நிலை வந்தது. அதற்குப் பிறகுதான் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடை போடும் துணிவு எனக்கு வந்தது. சிறுதொழிலை வளர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசும் குடியரசுக் கட்சி நண்பர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடியரசுக் கட்சியினரே, சட்டத்தில் குறை உண்டு என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பிடித்த பாலிசியை வைத்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி 2013-இல் பொய்த்தது. ஒபாமாவே அதற்கு வருத்தம் தெரிவித்தார். பிரீமியம் கட்ட அரசு தரும் மானியம் கிடைக்காத நடுத்தரக் குடும்பங்களுக்கு அது தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக 'நீக்கிவிட்டு மாற்றுவோம்' என்கிறீர்கள். அந்த மாற்று எங்கே? 2017 மே மாதம் கீழவையில் 217-213 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றினீர்கள். அது சட்டமானால் 2026-க்குள் மேலும் 2 கோடியே 30 லட்சம் பேர் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள் என்று உங்கள் காங்கிரஸின் சொந்தக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டது. அதே ஆண்டு ஜூலை 28 விடியற்காலையில், சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்க செனட்டில் வந்த சுருக்க மசோதா 49-51 என்று தோற்றது. உங்கள் கட்சியின் செனட்டர்கள் காலின்ஸ், முர்கௌஸ்கி ஆகியோருடன், மூளைக் கட்டி கண்டறியப்பட்டிருந்த மெக்கெய்னும் எதிர்த்து வாக்களித்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான், குழுவில் வைத்து, விசாரணை நடத்தி, இரு தரப்பும் சேர்ந்து சட்டம் இயற்றுங்கள் என்று அதே அவையில் நின்று கேட்டிருந்தார். அந்தப் பேச்சை நான் கடையில் நின்றபடி கேட்டேன். இன்றும் அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் கூரை மாற்றுவதென்றால் முதலில் புது ஓலை வாசலில் வந்து இறங்கும். பிறகுதான் பழையதில் கை வைப்பார்கள். மழைக்காலத்தில் பிரித்துப் போட்டுவிட்டு ஓலை தேடிப் போகிறவர் யாரும் இல்லை.

ஜனநாயகக் கட்சியினரே, உங்களிடமும் எனக்கு வருத்தம் இருக்கிறது. 2021-இல் மானியத்தை உயர்த்தினீர்கள், 2022-இல் நீட்டித்தீர்கள். அது 2025 முடிவில் காலாவதியாகும் என்ற கெடுவை எழுதியதும் நீங்கள்தான். கெடு நெருங்கியபோது இந்த மானியச் சண்டையில் 43 நாள் அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. டிசம்பர் 11 அன்று உங்கள் மூன்றாண்டு நீட்டிப்பும் எதிர்த் தரப்பின் திட்டமும் செனட்டில் ஒரே நாளில் விழுந்தன. இரண்டுக்கும் தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை.

அதன் பலன் என் வீட்டில் இப்படி இருக்கிறது. இருவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 84,600 டாலரைத் தாண்டினால் இப்போது மானியம் ஒரு சென்ட்கூட இல்லை. நாங்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறோம். சென்ற ஆண்டு மாதம் 620 டாலர் கட்டினேன். இந்த ஆண்டு அதைவிட மட்டமான பாலிசிக்கு 1,850. அதிலும் ஆளுக்கு 7,500 டாலர் வரை நாங்கள் கைக்காசைச் செலவழித்த பிறகுதான் கம்பெனி பணம் கொடுக்கத் தொடங்கும். குடியரசுக் கட்சியின் டிசம்பர் திட்டம் என் வயதுக்காரருக்கு மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கில் 1,500 டாலர் போடுவதாகச் சொன்னது. அந்தப் பணத்தை பிரீமியம் கட்ட எடுக்கக்கூடாது. 58 வயதில் ஒரு மாரடைப்பு வந்தால் அது எந்த மூலைக்குப் போதும்?

உங்களால் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்குச் சான்று உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. 1997-இல் யூட்டாவின் ஆரின் ஹாட்ச்சும் மாசசூசெட்ஸின் டெட் கென்னடியும் கைகோத்ததால்தான் ஏழைக் குழந்தைகளுக்கான காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. 2003-இல் புஷ் அரசு முதியோருக்கான மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பின்னர் அதிகாரம் கைக்கு வந்ததும் அதை ஒழித்துக்கட்டவில்லை. அதிலிருந்த பெரிய ஓட்டையை 2010 சட்டத்தின் வழியாகவே படிப்படியாக அடைத்தார்கள். 2010 சட்டத்துக்கும் குடியரசுக் கட்சி அதே மரியாதையைக் காட்டியிருக்கலாம்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம் என் கடைக்கு வரும் இளைஞர்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இருப்பதால் இந்தச் சண்டை தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். 2007-இல் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் கேட்பது இரண்டுதான். 84,600 என்ற அந்தச் செங்குத்துக் கோட்டைச் சரிவாக்குங்கள். ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ஆயிரக்கணக்கில் இழக்கும் நிலை யாருக்கும் வேண்டாம். சட்டத்தையே மாற்றுவதானால், மாற்றை முழுதாக எழுதி, திறந்த விசாரணையில் வைத்து, எத்தனை பேர் காப்பீடு இழப்பார்கள் என்ற கணக்கையும் வெளியிட்டுவிட்டு வாக்கெடுப்புக்குப் போங்கள்.

அடுத்த ஆண்டுக் காப்பீட்டுக்கான பதிவு நவம்பர் 1 அன்று தொடங்குகிறது. அதே வாரத்தில் என் மனைவிக்கு வருடாந்திர ஸ்கேன் இருக்கிறது.

இப்படிக்கு,
டெக்சஸ் வாக்காளர் ஒருவர்