நம் ஊர் மந்திரி

ஹனோவர், ஜெர்மனி,
நவம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய நம் ஊர் இனிப்பு, பான் பியா, எட்டும் உடையாமல் வந்து சேர்ந்தன. இரண்டை வேலைக்கு எடுத்துப்போய் செவிலியர் அறையில் நறுக்கினேன். உள்ளே இருந்த டுரியான் பழ வாசம் எழும்பியதுதான் தாமதம், ஒருத்தி ஓடிப்போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். வெளியே இரண்டு டிகிரி குளிர்! இந்த ஊரார் சாப்பாட்டு வேளையைக்கூடத் தவறவிடுவார்கள், ஜன்னல் திறக்கும் வேளையைத் தவறவிட மாட்டார்கள். கடைசியில் நடுவில் இருந்த உப்பு வாத்துமுட்டைக் கருவைத் தோண்டித் தோண்டித் தின்றதும் அவள்தான்.

"வியட்நாமில், நம் சோக் சாங்கில் பிறந்த அந்த ஜெர்மன் டாக்டர் மந்திரியைப் பார்த்து, அண்ணன் விசாவுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்" என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சிரித்துவிட்டேன்.

என் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "பிலிப் ரோஸ்லரா? அவர் எங்கள் ஹனோவர்க்காரர் ஆயிற்றே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊருக்குக் காஞ் ஹுங் என்று பெயர் இருந்த 1973இல், கத்தோலிக்க அனாதை இல்லத்தில் கிடந்த குழந்தையல்லவா அவர்? பெற்றவர்கள் யாரென்றே தெரியாது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி தத்தெடுத்தார்கள். சொந்தமாக இரண்டு பெண்கள் இருந்தும் எடுத்தார்கள், அம்மா. அவருக்கு நான்கு வயதானபோது அவர்கள் பிரிந்துவிட, ராணுவ அதிகாரியான அப்பாதான் வளர்த்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும், மருத்துவம் படித்ததும் இங்கேதான். பிறகு ராணுவ மருத்துவர். யோசித்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நமக்கு ஒன்பது மாதம், மிச்சமெல்லாம் அவர்களுக்கு.

2009இல், 36 வயதில், சுகாதார அமைச்சரானார். ஆசியாவில் பிறந்த ஒருவர் இங்கே மத்திய அமைச்சரானது அதுவே முதல் முறை. 2011இல் எஃப்.டி.பி. என்ற தன் கட்சியின் தலைவர், பொருளாதார அமைச்சர், அப்போதைய பிரதமர் மெர்க்கலுக்கு அடுத்த நாற்காலி. மருந்து வண்டியைத் தள்ளும்போது எனக்கு அவர் நினைவு வருவதுண்டு. புது மருந்துக்குக் கூடுதல் விலை வேண்டுமென்றால், பழையதைவிட அது எவ்வளவு மேல் என்று கம்பெனி ஆதாரம் காட்ட வேண்டும். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் அவர் கொண்டுவந்தது. வியாபாரிகள் பக்கம் நிற்கும் கட்சி என்று பெயரெடுத்த கட்சியிலிருந்து இது வந்ததுதான் வேடிக்கை.

2013 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 4.8 சதவீதம். உள்ளே நுழைய ஐந்து வேண்டும். 1949க்குப் பிறகு முதல் முறையாக நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. தலைவர் பதவியை விட்டு விலகினார். 45 வயதோடு அரசியலை விட்டுவிடுவேன் என்று முன்பே சொல்லிவைத்திருந்தவருக்கு, 40இலேயே அது முடிந்துபோனது. பிறகு சுவிட்சர்லாந்துக்கு, உலகப் பொருளாதார மன்ற வேலைக்குப் போய்விட்டார்.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள், சிபாரிசுக்கு ஆள் இல்லை. ஜெர்மன் வகுப்புக்கு ஒழுங்காகப் போகட்டும். நானும் பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதித்தானே வந்தேன்!

இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. டிராமைவிட்டு இறங்கி நடக்கும்போது உங்கள் கடை விளக்குதான் ஞாபகம் வருகிறது. பெரியவர் பான் பியாவில் ஒரு துண்டு கேட்டிருக்கிறார். நாளைக் காலையில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் கடைக்குட்டி